‘எனக்கெதுக்குங்க்கா?’: கொங்கு நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை தடுக்கி நிற்கும் இடங்கள்

செவ்வாய்க்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். மூன்றாம் மாதக்காரி ஒருத்தி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் தாய்சேய் அட்டை, அதில் கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி எண். நர்ஸ் ரத்தம் எடுக்கிறார். ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, சிபிலிஸ், அதோடு எச்.ஐ.வி. எதையும் அவள் கேட்டு வாங்கவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பைக்கைச் சாய்த்துப் போட்டு புருஷன் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அட்டையைக் கொடுக்க வெளியே வரும் நர்ஸ் போகிற போக்கில் சொல்கிறார்: “தம்பி, வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு ரத்தம் குடுத்துட்டுப் போயிருங்க.”

“எனக்கெதுக்குங்க்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

பைக் கிளம்பிவிடுகிறது.

விஷயத்தில் முக்கால்வாசி இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. அவள் இருக்கும் இடத்துக்குப் பரிசோதனை வந்தது. அவன் பரிசோதனை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து நாமக்கல் வரைக்கும், ஏன், நம்மைப் போலவே பணமும் ஆளும் பற்றாத ஆப்பிரிக்க நாடுகளிலும், இந்தப் பரிசோதனை எங்கே நடக்கிறது, எங்கே நடக்காமல் போகிறது என்று பார்த்தால், கடைசியில் இந்த வித்தியாசத்தில்தான் வந்து நிற்கும். விழிப்புணர்வு போதவில்லை என்று மேடையில் சொல்வது சுலபம். எனக்கென்னவோ அது பாதிக்குப் பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது.

முதலில் பரிசோதனை என்னவென்று பார்த்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற போர்டு பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு ஆலோசகர், ஒரு லேப் டெக்னீஷியன். பரிசோதனை இலவசம். முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், சம்மதம் வாங்குவார். அப்புறம் ரத்தம். கிட்டில் ஒரு சொட்டு விட்டால் அரை மணி நேரத்துக்குள் கோடு விழுந்துவிடும். கிட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கண்ட்ரோல் கோடு மட்டும் வந்தால் வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இல்லை. இன்னொரு கோடும் வந்தால் ‘ரியாக்டிவ்’ என்பார்கள். அதுவே ‘பாசிட்டிவ்’ ஆகிவிடாது. வேறு வேறு முறையில் வேலை செய்யும் இன்னும் இரண்டு கிட்டுகளில் பார்த்து, மூன்றும் ஒன்றையே சொன்னால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். முடிவைத் தாளில் கொடுப்பதற்கு முன் மறுபடியும் ஆலோசகரிடம்தான் போக வேண்டும். தொற்று ஏறி சில வாரங்கள்தான் ஆகியிருந்தால் கிட் காட்டாமலும் போகலாம். அதனால்தான் சந்தேகம் இருக்கிறவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது இதில் முதல் படி மட்டும். ஒரு கிட், விரல் நுனியில் ஒரு குத்து. கோடு இரண்டாக விழுந்தால் பெரிய மருத்துவமனை மையத்துக்கு அனுப்புவார்கள். அந்த ‘அனுப்புவார்கள்’ என்ற சொல்லில்தான் ஆட்கள் தொலைகிறார்கள். ஒரு நாள் கூலி, பஸ், வீட்டில் சொல்ல ஒரு காரணம், இவ்வளவும் வேண்டும். கொல்லிமலைக்காரருக்கு நாமக்கல் இறங்குவது என்றால் 70 கொண்டை ஊசி வளைவு. நல்ல உடம்போடு போவதற்கே தலை சுற்றும். நெஞ்சில் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு போவது இன்னும் கஷ்டம்.

இந்தப் பக்கத்துக்கு எச்.ஐ.வி. புதிதில்லை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டதே அன்றைய மதராஸில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். மதராஸில் சோதிக்க வசதியில்லாமல், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ரயிலேற்றி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். பிறகு கவனம் நெடுஞ்சாலைகள் பக்கம் திரும்பியது. நாமக்கல்லில் பாடி கட்டி, நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பதிவாகி, நாக்பூர், குவாஹாட்டி என்று போகும் லாரிகள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு புறப்பட்டு வடக்கே மாதக்கணக்கில் போர்வெல் போட்டுக்கொண்டு கிடக்கும் ஆட்கள். 2007இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் தொடங்கியபோது, கர்ப்பிணிகளில் 1 சதவீதமோ அதற்கு மேலோ தொற்று காணப்பட்ட மாவட்டங்களை ‘ஏ’ பிரிவு என்று பிரித்தார்கள். நாமக்கல் அதில் இருந்தது. இன்று நாடு முழுக்க வயது வந்தவர்களில் தொற்று விகிதம் ஏறத்தாழ 0.2 சதவீதம். இரண்டும் நேருக்கு நேர் ஒப்பிடும் கணக்கல்ல. ஆனாலும் நிலைமை நன்றாகவே இறங்கியிருக்கிறது.

ஆனால் பழி இறங்கவில்லை. ‘லாரிக்காரன் நோவு’ என்று பேசிப் பேசி, லாரி ஓட்டாத எல்லாரும் தங்களுக்கு நற்சான்றிதழ் எழுதிக்கொண்டார்கள். பவுண்டரி சூப்பர்வைசரும் பஞ்சு வியாபாரியும் ‘நானென்ன லைன் வண்டிக்கா போறேன்?’ என்பார்கள். இப்போது வந்திருக்கும் இன்னொரு கூட்டம், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள். கோவைப் பக்கத்துப் போலீஸ் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறார்கள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொள்வதில் இந்த வைரஸும் கைமாறும் என்பது அவர்கள் கணக்கிலேயே வராது. அவர்கள் கேள்விப்பட்ட எச்.ஐ.வி. விளம்பரமெல்லாம் வேறு விஷயத்தைப் பற்றியது.

விளம்பரம் என்றதும் புலிராஜா ஞாபகம் வராதவர்கள் இருக்க மாட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் ‘புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவருக்குச் சுவர் கேட்டார்கள். ஊரே பேசியது. விளம்பரமாகப் பார்த்தால் அசாத்திய வெற்றி. பக்க விளைவும் இருந்தது. புலிராஜா கேலிப்பெயர் ஆனான். ‘என்ன புலிராஜா, ரத்தம் குடுக்கப் போறியாட்ட இருக்குது’ என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டுவிட்டால், அப்புறம் எவன் மையத்துப் படியேறுவான்? அதற்கு முந்தைய போஸ்டர்கள் இன்னும் மோசம். எலும்பும் தோலுமாக ஒரு ஆள், மண்டை ஓடு, கொட்டை எழுத்தில் ‘உயிர்க்கொல்லி’. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, எடை குறையாத வரை தனக்கு ஒன்றுமில்லை. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று பைக்கில் போனவன் பொய் சொல்லவில்லை. இந்த வைரஸ் பல வருஷம் ஆளை நன்றாகவே வைத்திருக்கும்.

அந்தக் காலத்து ஆட்கள் பரிசோதனைக்குப் போகாததற்கு ஒரு நியாயமும் உண்டு. தெரிந்து என்ன செய்வது? மருந்து இருந்தது, வாங்கக் காசில்லை. 2004 ஏப்ரலில்தான் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அப்போதும் ரத்தத்தில் சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். 2017இலிருந்து அந்தக் காத்திருப்பு இல்லை. பாசிட்டிவ் என்றால் உடனே மருந்து. முறையாகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவுவதில்லை. கவனிக்காமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்புண்டு. மருந்து எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. பரிசோதனைக்கு ஆளை இழுத்து வரும் சக்தி இந்தச் செய்திக்குத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் இன்னமும் பரவாத செய்தியும் இதுதான். பழைய மண்டை ஓடு போய்ச் சேர்ந்த சந்துபொந்துக்கெல்லாம் புது மாத்திரை போய்ச் சேரவில்லை.

சரி, பயத்தை விடுவோம். நேரத்துக்கு வருவோம். நான் பார்த்தவரை, பேச்சில் குறைவாகவும் வாழ்க்கையில் அதிகமாகவும் இருக்கிற தடை இதுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை லீவு. கறி வாங்குவது, துணி துவைப்பது, ஊருக்குப் பணம் போடுவது எல்லாம் அன்றைக்குத்தான். மையத்துக்கும் அன்றைக்கு லீவு. திங்கள் முதல் சனி வரை மையம் திறந்திருக்கிற நேரமெல்லாம் அவன் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறான். அரை நாள் எடுத்தால் அரை நாள் கூலி போகும், சூப்பர்வைசரிடம் காரணமும் சொல்ல வேண்டும். ‘காய்ச்சல்’ என்று ஒரு தடவை சொல்லலாம். பரிசோதனைக்கு ஒரு நாள், அதை உறுதி செய்ய ஒரு நாள், மருந்து ஆரம்பிக்க ஒரு நாள் என்றால் எத்தனை காய்ச்சல்தான் வரும்? பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்காரருக்கும் இதே கதைதான். தறி நின்றால் மீட்டர் கணக்குக் கூலியும் நின்றது.

கூலிக்கும் பரிசோதனைக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமங்களில் ஒரு ஆய்வு அளந்து பார்த்தது. ரெபேக்கா தார்ன்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2008இல் வெளியிட்டார். வீட்டுக்கே போய் மாதிரி எடுத்தார்கள். முடிவை வாங்க மட்டும் ஒரு மையத்துக்கு நடந்து வர வேண்டும். ஒன்றும் கொடுக்காதபோது வந்தவர்கள் 34 சதவீதம். மிகச் சிறிய தொகைக்கான கூப்பன் கொடுத்தபோதே அது இரண்டு மடங்கு ஆனது. மையம் தூரமாக இருந்தால் வருகிறவர்கள் குறைந்தார்கள். நோய் பற்றிய பயம் மலைபோல் நிற்கிறது என்று நினைத்த இடத்தில், பாதிப் பேருக்கு வழியில் கிடந்தது ஒரு சின்னக் கல்தான் என்று இது காட்டுகிறது. பயமே இல்லை என்று அர்த்தமில்லை. ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று தள்ளிப்போட மனசு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும்போது, பஸ் செலவு அதற்கு வாகாக அமைந்துவிடுகிறது.

அப்புறம், யார் பார்ப்பார்கள் என்கிற கேள்வி. கொங்கு நாட்டில் இதற்குத் தனிக் கனம் உண்டு. ஒரு தாலுகாவுக்குள் பங்காளி, மாமன், மச்சான் என்று எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் வேண்டியவர்கள். லேப் டெக்னீஷியன் அத்தை வீட்டுச் சம்பந்தியாக இருப்பார், செக்யூரிட்டி பக்கத்துத் தோட்டத்துக்காரராக இருப்பார். மருத்துவமனைக்குள் மையத்தின் வாசல் புறநோயாளிகள் வரிசையைப் பார்த்தபடி அமைந்திருந்தால், அங்கே உட்காருவதும் தம்பட்டம் அடிப்பதும் ஒன்றுதான். அதனால் நாமக்கல்காரர் ஈரோட்டுக்கும், ஈரோட்டுக்காரர் கோயம்புத்தூருக்கும் போகிறார். தெரியாத ஊரில் தெரியாத முகமாக இருக்க வேண்டி அவர் கொடுக்கிற விலை அது. வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு இருந்தால் இந்தக் கவலை இரட்டிப்பாகும். சாதகத்தோடு ‘ஊர்ல விசாரிச்சோம்’ என்பதும் சேர்ந்துதான் இங்கே சம்பந்தம் முடிகிறது.

தனியார் பக்கம் போனால் வேறு தினுசு. எனக்கு நெருங்கிய ஒருவர் சில வருஷங்களுக்கு முன் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லில் அந்த வரியைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. முடிவு நெகடிவ், அதோடு போயிற்று. ரிப்போர்ட் கவரைக் கவுண்டரில் வாங்கி வந்தது அவருடைய மருமகன். அது வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது சட்டப்படி தப்பு. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதிக்கக் கூடாது என்கிறது. சம்பந்தப்பட்டவருடைய நிலையை அவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்க்கவோ வேலையில் வைத்துக்கொள்ளவோ இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் புகார் கேட்க ஒரு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் அந்த அளவுள்ள கம்பெனிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி மாளாது. உங்கள் கம்பெனியில் அந்த அதிகாரி யார் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இதுவரை பதிலாகக் கிடைத்தது ஒரு சிரிப்புத்தான்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெண்ணிடம் திரும்பலாம். கர்ப்ப காலப் பரிசோதனை ஒரு பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா 2004இல், மருத்துவமனைக்கு வருகிற எல்லாரிடமும் ‘வேண்டாம் என்று சொன்னாலொழிய செய்வோம்’ என்ற முறையைக் கொண்டுவந்தபோது, அதன் பின்னாலும் இதே யோசனைதான் இருந்தது. தனியாகப் பொறுக்கி எடுத்துக் கேட்டால் ‘என்னைப் பார்த்தால் அப்படியா தெரியுது?’ என்று வரும். எல்லாருக்கும் உண்டு என்றால் அந்தக் குத்தல் போய்விடுகிறது. காசநோயாளிகள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பார்ப்பதும் இப்படித்தான் சத்தமில்லாமல் பலரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

ஆனால் இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. வீட்டில் முதலில் தெரிந்துகொள்பவள் அவள்தான் என்பதால், நோயைக் கொண்டுவந்தவளும் அவள்தான் என்று ஆகிவிடுகிறது. ‘உனக்குத்தானே மொதல்ல வந்துது’ என்பார்கள். வந்ததற்கும் தெரிந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மாமியாருக்கு யார் விளக்குவது? முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள் அங்கேயே தங்கிவிட்ட கதைகளை ஆலோசகர்கள் சொல்வார்கள். ஆகவே கணவனையும் அதே நாளில், அதே பெஞ்சில் உட்கார வைத்துச் சோதித்து, முடிவை இருவருக்கும் சேர்த்துச் சொல்வது வெறும் வசதிக்காக அல்ல. அவளுக்கு அதுதான் காப்பு. நர்ஸ் போகிற போக்கில் சொல்லாமல், அட்டையிலேயே ‘கணவர்’ என்று ஒரு கட்டம் போட்டு, மனைவியின் ஸ்கேனுக்கு அவன் எப்படியும் வருகிற அன்றைக்கு எடுத்துவிட வேண்டும். பைக் சாவியைக் கையில் எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பரிசோதனை நடந்தும் பயனில்லாமல் போவதும் உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. ரத்தம் கொடுத்த இளைஞர் இரண்டு வருஷம் முன்பு ஒரு முகாமிலும் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தி மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. உறவினருக்காக என்று நல்ல மனசோடு மறுபடி வந்து கொடுத்தார். விஷயம் தெரிந்தபின் அவர் உயிரோடு இல்லை. அந்த முதல் தடவை கிட் சரியாகத்தான் வேலை செய்தது. ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லும் கண்ணிதான் அறுந்திருந்தது. அந்தக் கண்ணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆலோசகர் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவரை நம்பி வந்துகொண்டிருந்த ஆட்களும் கூடவே நின்றுவிடுகிறார்கள்.

பாஷையும் இப்போது ஒரு சுவர். பனியன் கம்பெனிகளிலும் நூல் மில் ஹாஸ்டல்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறைய. ஆலோசனை என்பதே பேச்சுதான். அதை மேஸ்திரியை வைத்து மொழிபெயர்க்கச் சொன்னால் ரகசியம் எங்கே இருக்கும்? அவர்கள் ஊரில் பேசுகிற மொழியில் ஒரு ஒலிப்பதிவு, அதே ஊர்க்காரரான ஒரு பயிற்சி பெற்ற ஆள், இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை. பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள் நடுவில் தொண்டு நிறுவனங்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. அவர்களிலேயே ஒருவர் போய்க் கூப்பிடுகிறார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை ஆகிறது. ஊர் ஒதுக்கிவைத்தவர்கள் ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்கிறார்கள், ஊருக்குள் மதிப்பாக இருப்பவர்களைத்தான் பிடிக்க முடியவில்லை. இந்தியாவில் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தத் தொற்றோடு வாழ்வதாக மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது தெரியாது. அந்த ஐந்தாவது ஆள், வேப்பமரத்தடியில் நிற்கிறவரைப் போல ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படிப்பட்டவரைப் பிடிக்கும் ஒரு வழியை லாரிப் பேட்டை முகாமில் பார்த்தேன். பேனரில் ‘இலவசக் கண், பி.பி., சுகர் பரிசோதனை’ என்றுதான் இருந்தது. எச்.ஐ.வி.யும் உண்டு என்பதை மேசைக்குப் பக்கத்தில் மறைப்புக்குள் உட்கார வைத்து, அமைதியாகச் சொல்லிக் கேட்டார்கள். ‘சுகருக்குக் குத்துறதுதானே, அதையும் பாத்துருங்க’ என்று பலர் விரலை நீட்டினார்கள். வேண்டாம் என்றவர்களுக்கு வெறும் சுகர் மட்டும். ஞாயிற்றுக்கிழமை, லோடு ஏறாத மத்தியானம். முகாம்காரர்கள் நாளைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

டிரைவர் ஒருவர், ஐம்பதை நெருங்குபவர், பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டே கேட்டார்: “முடிவுக்கு எப்பங்க வரோணும்? நாளைக்கு வண்டி ஏத்தீருவன்.”

“நாளைக்கெல்லாம் வேண்டாங்ணா. இருபது நிமிசம். ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, சொல்லிப்புடறன்.”

அவர் டீக்கடைக்குப் போகவில்லை. மறைப்புக்கு நாலடி தள்ளி ஒரு ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து, இருபது நிமிஷமும் செல்போனை எடுக்காமல் அங்கேயே இருந்தார்.